தங்கம்மாள் கடைப் பெட்டி

பங்குனி பௌர்ணமி அன்று காலை விமல்ராஜ் பெங்களூருக்குக் கிளம்பினான். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்ததால், செங்கம் ரோட்டுத் தற்காலிக நிலையம் வரை கஸ்தூரிதான் அவனை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டாள். இருவரும் ஒரே பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர்கள். அவனுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது. அவளுக்கு முனைவர் பட்டமே முடிந்தபாடில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் இந்த வருடத்தோடு சரி. நெட்வொர்க் ஆராய்ச்சி மாநாடு ஒன்றில் கட்டுரை ஏறினால்தான் பட்டம். நாளைக் காலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் விமல்ராஜுக்கு ஞாபகம் வந்தது.

"கடைசிப் பக்கத்துல கடைக்காரங்க பேரெல்லாம் போட்டு நன்றி சொல்லியிருக்கீங்க இல்ல, அத எடுத்துடுங்க மேடம். யார் எழுதனது, எந்த ஊருன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா படிக்காமலே தள்ளிடுவாங்க."

பௌர்ணமிக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் எந்த இடத்தில், எப்படிப் படுத்துவிடுகிறது என்பதுதான் கட்டுரை. அதை அளக்கக் கிரிவலப் பாதையில் ஆறு கடைகளில் இருவரும் சேர்ந்து சின்னப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஐந்து கடைக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அடி அண்ணாமலையில் பூவும் கற்பூரமும் விற்கும் தங்கம்மாள் மட்டும் கேட்டாள். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலே உபயம் இன்னார் என்று எழுதுகிறார்களே, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கரண்டு கொடுக்கிற தன் பேர் எங்கே வரும் என்று. கஸ்தூரி வாக்குக் கொடுத்தாள். போன வாரம் நன்றிப் பக்கத்தைப் போனில் காட்டவும் செய்தாள். தங்கம்மாள் அதைக் கீழ்பென்னாத்தூர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

சிக்னல் முதலில் சாகிற இடமும் அந்தக் கடை வாசல்தான். இன்றைய அளவு அங்கே பதிவாகாவிட்டால் கட்டுரை நொண்டி.

சாயங்காலம் பெட்டியைப் பார்க்கப் போனாள். தங்கம்மாள் பூத்தொடுத்தபடியே கேட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, அனுப்பிட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. கஸ்தூரி சொல்லவில்லை. பேர் இப்போது வராது, யார் எழுதியது என்று தெரியாமல் படித்துத்தான் முடிவு செய்வார்கள், தேறினால் பிறகு சேர்க்கலாம் என்று விளக்கினாள்.

தொடுத்த கை நின்றது.

"பிறகுன்னா?"

"நாலஞ்சு மாசம் ஆகும்க்கா."

"ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்திருந்த வெள்ளைக்காரியும் இப்படித்தான் சொன்னா. கடைய வீடியோ புடிச்சா, பேரு அப்புறம் போடறேன்னா. போனவ போனவதான். எங்க அண்ணிக்காரி இன்னும் கேட்டுக் கேட்டுச் சிரிக்கறா."

"நான் எங்கக்கா போகப்போறேன்? இங்கதானே இருக்கேன்."

"பட்டம் வாங்கிட்டா நீயும் பெங்களூருதான்."

தங்கம்மாள் எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. பெட்டியைத் துணிப்பையில் போட்டு, மேலே ஒரு முழம் பூவையும் வைத்து நீட்டினாள். பக்கத்து டீக்கடையில் பெட்டியை வைக்கக் கேட்கலாமென்றால் அது அவள் கொழுந்தன் கடை. அவர் பாலை ஆற்றுவதிலேயே மும்முரமாகிவிட்டார்.

கூட்டமெல்லாம் ஒரு திசையில் நகர, கஸ்தூரி பையோடு எதிர்த்திசையில் முண்டியடித்து வந்தாள். போனில் விமல்ராஜின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. போன மாதத்து எண்களை விடுபட்ட இடத்தில் ஒட்டிவிடும்படி சொன்னான், எவனுக்கும் தெரியப்போவதில்லை என்றான்.

வீட்டில் வரைபடத்தைத் திறந்தாள். ஐந்து கோடுகள் ஓடின, ஆறாவது பாதியில் நின்றது. போன மாதத்து எண்களை எடுத்து ஒட்டினாள். கோடு அழகாக ஓடி முடிந்தது. இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் அதை அழித்தாள். அடியில், 'பெட்டியை வைத்திருந்தவர் அன்று மாலை அதை நிறுத்திவிட்டார்' என்று மட்டும் எழுதினாள். நன்றிப் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பினாள்.

பிறகு அந்தக் கடைப் பக்கமே அவள் போகவில்லை. சொன்ன மாதமெல்லாம் தாண்டியது. பல்கலைக்கழகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. ஐப்பசி மழையில், வகுப்புக்கு நடுவே, போன் அதிர்ந்தது. மாநாட்டிலிருந்து வந்திருந்தது:

"உங்கள் கட்டுரை நிபந்தனையுடன் ஏற்கப்படுகிறது. ஆறாவது பெட்டியை அதன் பொறுப்பாளர் ஏன் நிறுத்தினார் என்று படித்த மூவருமே கேட்டிருக்கிறார்கள். இறுதிப் பிரதியில் அதை விளக்கவும். அவர் பெயரை இனி வெளியிடலாம். அதற்கு அவருடைய சம்மதத்தை நீங்கள் நேரில் பெற வேண்டும்."