எலியட் சார் 'லைன்' விளக்கிய வெள்ளிக்கிழமை

எலியட் சாருக்கு ஒரு மைக் போதும். மைக் இல்லாவிட்டால் தப்பி ஓட முடியாத ஒரு ஆள் போதும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகனாகப் பிறந்து, கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் கோல சிலாங்கூருக்குத் திரும்பி வந்தவர். அன்றிலிருந்து கல்யாணம், கருமாதி, பள்ளி விளையாட்டுப் போட்டி எதுவும் அவருடைய ஆங்கிலத்துக்குத் தப்பவில்லை. துக்குணியூண்டு சொல்லாக ஒன்றைப் பிடிப்பார்; அதன் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்துப் பரப்பி வைப்பார். யாருக்கும் ஒன்றும் புரியாது. புரியாததால்தான் கை தட்டினார்கள்.

தொழிலாளர் குடியிருப்பான தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்த முதல் பெண் திலகா. கை தட்டுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வரும். அவரைப் பார்த்தாலோ குமட்டும்.

மாதக் கடைசியில் லயத்துக்குத் தண்ணீரை நிறுத்தப் போவதாகத் தோட்டக் கம்பெனி சொல்லிவிட்டது. மாறிப் போக வேண்டிய புது வீடுகளுக்கோ இன்னும் கூரைகூடப் போடவில்லை. வீடு முடியும்வரை தண்ணீர் வேண்டும். கேட்க வேண்டியது அவ்வளவுதான். கம்பெனி அதிகாரி ரஹ்மான் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. மேலிடத்து ஆளிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது துரை காலத்திலிருந்து அங்கே ஊறிப்போன பழக்கம். ஆகவே எலியட் சாரைக் கூப்பிட்டார்கள். அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அங்கள், மலாயிலயே பேசலாம் லா," என்றார் ரஹ்மான். அங்கிருந்த அத்தனை பேருக்கும் மலாய் சரளமாக வரும்.

எலியட் சார் காதிலேயே வாங்கவில்லை. நாம் லயம் என்று சொல்வது வெள்ளைக்காரனின் லைன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். லத்தீனில் அது நார்நூலாம். நூல் பிடித்துக் கோடு போட்டதால் கோடும் லைன். பாசிர் பெனம்பாங்கில் தூண்டில்காரன் கையில் இருப்பதும் லைன். டெலிபோன், வங்கி வரிசை, பாட்டின் அடி, கிழவன் முகத்துச் சுருக்கம் எல்லாமே லைன். பட்டாளத்துக்குக் கட்டிய மாதிரியே துரை நமக்கும் வரிசையாக வீடு கட்டினான் என்று முழங்கினார். தண்ணீர்ப் பேச்சு எப்போது வரும் என்று திலகா காத்திருந்தாள்.

"ஆஸ்க் ஔவர் கிராஜுவேட்! லத்தீன்தானே, திலகா?"

லத்தீன்தான். அவள் தலையாட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது சுகமாகக்கூட இருந்தது. அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பு வந்தது.

தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ரஹ்மான் எழுந்தார். எலியட் சார் பெருமையாகக் கை குலுக்கி வழியனுப்பினார். திலகா காரை நோக்கி ஓடினாள். கண்ணாடியைத் தட்டி, மலாயில் நேராகக் கேட்டாள்.

"இத ஏன் உள்ள யாருமே சொல்லல?" என்றார் அவர். வீடு முடியும்வரை குழாயில் கை வைக்க வேண்டாம் என்று அங்கேயே போனில் சொன்னார்.

அவள் வந்து சொன்னதும் எலியட் சார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "பார்த்தீங்களா? ஹிஸ்டரி கேட்டு மனுசன் இளகிட்டாரு."

"சார் இல்லாட்டி நம்ம கதி என்னா?" என்றார் பக்கத்து வீட்டு நல்லசாமி.

"சார் தண்ணியப் பத்தி ஒரு வார்த்த பேசல, அங்கள்," என்றாள் திலகா. "அடுத்து கரண்டுக்குக் கேக்கணும். நானே பேசுறேன்."

அம்மா குமுதா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரு புள்ள. அவரு அளவுக்கு ஒனக்கு இங்கிலீசு வருமா?"