இடி இடித்தால் பேட்டரியைக் கழற்றும் டீச்சர்

லேப்டாப் ரிப்பேர் கடையில் படியேறும் எவரும் சொல்லும் முதல் வாக்கியம், "நான் ஒண்ணுமே செய்யல்ல, அதுவா நின்னு போச்சு" என்பதுதான். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சக தொழிலாளர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாகர்கோவிலில் ஒரு கம்பெனியின் லேப்டாப் விற்கும் கடையில் பதினான்கு வருஷமாக சர்வீஸ் மேஜை என்னுடையது. இன்றைக்கும் சிலர், மேஜையில் ஒரு பெண்ணைக் கண்டதும், என்னிடமே, "மெக்கானிக் எப்ப வருவாரு மக்ளே?" என்று கேட்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அந்த லேப்டாப்புக்கு நிறத்தை வைத்து நாங்கள் இட்ட பெயர் கறுப்பன். இரண்டு வருஷத்துக்கு ஒரு புதுக் கறுப்பன் வருவான். பெட்டியைப் பிரிக்கும் நாளில் பரபரப்பில் எனக்குச் சோறு இறங்காது.

முதல் கறுப்பன்

ஆள் கனம். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். ஆனால் திறந்து பார்த்தால் எப்பேர்ப்பட்ட அழகு! அடியில் இரண்டு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். ஒரு மூடிக்குக் கீழே மெமரி, இன்னொரு மூடிக்குக் கீழே ஹார்ட் டிஸ்க். எனக்காகவே செய்து அனுப்பினது மாதிரி இருந்தான்.

முதலாவதாக வாங்கியவர் பூதப்பாண்டி செல்வராணி டீச்சர். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தண்ணீர் பங்கிடும் முறை பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். விவசாயிகள் பேசியதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து கறுப்பனுக்குள்தான் வைத்திருந்தார். ஐப்பசியில் நம் ஊர் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். சார்ஜரை உருவிவிடுங்கள் என்றேன். பேட்டரியையும் கழற்றுவதை டீச்சரே சேர்த்துக்கொண்டார். அது தேவையே இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவைத்தேன். "இடி இடிச்சா டிவிக்கு கேபிள உருவணும், இவனுக்கு பேட்டரிய கழத்தணும், அவ்வளவுதானே மக்கா?"

சிடி போடும் வாய்

மூன்றாம் கறுப்பன் நோட்டுப் புத்தகம் போல வந்தான். சிடி டிரைவ் கிடையாது. எனக்கோ குதூகலம், பழுதாகிற சாமான் ஒன்று குறைந்ததே!

கடற்கரை ஊரான இனயத்திலிருந்து ஒரு கணவன் மனைவி. வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் ஆசையாக வாங்கிப்போனார். மறுநாள் இருவரும் கல்யாண சிடியோடு வந்து நின்றார்கள். நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தேடியும் சிடி போடும் வாய் கிடைக்கவில்லையாம். இனிமேல் அது கிடையாது, பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்றேன். அந்தப் பெண் சிடியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப எங்க கல்யாணம் இனி செல்லாதா அக்கா?"

உள்ளே போன பேட்டரி

நாலாம் கறுப்பனுக்கு பேட்டரி உள்ளே போய்விட்டது. அடியில் பத்து ஸ்க்ரூ. டீச்சர் அவனையும் வாங்கினார். கறுப்பன் இளைக்க இளைக்க டீச்சரின் ஆய்வேடு கொழுத்துக்கொண்டே போனது. இதில் பேட்டரியைக் கழற்ற வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பியிருக்கக் கூடாது.

ஐப்பசியின் முதல் இடிக்கு மறுநாள் காலை, ஒரு கையில் கறுப்பன், மறு கையில் பேட்டரி, டிபன் பாக்ஸ் மூடியில் பத்து ஸ்க்ரூவுமாக வந்து நின்றார். பேனாக்கத்தியால் திறந்தாராம். மாட்டத் தெரியவில்லையாம். எனக்கு வந்த கோபத்தை அவருடைய கேள்வி அடக்கிவிட்டது. "உள்ள இருக்க பேட்டரி, வெளிய இருக்க பேட்டரின்னு இடிக்கு வித்தியாசம் தெரியுமா மக்கா?"

ஒட்டிவைத்த கறுப்பன்

ஐந்தாமவனை விற்பனை மேஜை முருகேசன் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். ஆவலாகத் திறந்தேன். மெமரி, டிஸ்க் எல்லாம் போர்டோடு பற்றவைத்திருந்தது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். "இதுல ஒனக்கு இனி என்ன வேலை யக்கா?" என்றான் முருகேசன்.

அடுத்த ஐப்பசியில் பதில் கிடைத்தது. சனிக்கிழமை காலை டீச்சர், தான் வாங்கியிருந்த ஐந்தாமவனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பேட்டரியைத்தான் கழற்ற முடியாதே, பிறகு சார்ஜரை மட்டும் உருவி என்ன பயன் என்று அப்படியே விட்டிருக்கிறார். இடி உள்ளே போய்விட்டது. திங்கட்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். கடைசி இரண்டு அத்தியாயத்துக்கு நகல் இல்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு நான் ஆட்டிய தலை இன்றைக்கு வலித்தது.

போர்டில் எங்கோ ஷார்ட். ஆல்கஹாலைப் பரவலாகத் தடவிக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தேன். எது சூடாகிறதோ அந்த இடம் முதலில் காயும். கண்ணிமைக்காமல் பார்த்தோம். ஓர் ஓரம் காய்ந்தது. கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று! புதிது வர நாலு நாள் ஆகும். பழைய சாமான் டிராயரைக் கவிழ்த்தேன். டீச்சர் எப்போதோ போட்டுவிட்டுப் போன முதல் கறுப்பனின் போர்டு கிடந்தது. அதிலிருந்து எடுத்துப் பற்றவைத்து, பட்டனை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது! நான் போட்ட கூச்சலில் முருகேசன் டீயைக் கொட்டிவிட்டான். இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்த பிறகுதான் டீச்சர் கண்ணைத் துடைத்தார். "எனக்க பழைய கறுப்பன் செத்தும் குடுத்தானே மக்கா!"

ஏழாம் பிறவி

போன வாரம் ஏழாமவன் வந்தான். திருப்பிப் பார்த்தேன், அடியில் இரண்டு கொக்கி! தள்ளினேன், பேட்டரி கையோடு வந்தது. மெமரியும் தனி, டிஸ்க்கும் தனி. குதிக்காத குறை. பெட்டியில் இருந்த தாளில், நீங்களே கழற்றி மாட்டும் புதுமை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உடனே டீச்சருக்கு, மன்னிக்கவும், டாக்டருக்கு போன் செய்தேன். ஆட்டோ பிடித்து வந்து, பேட்டரியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "இத கண்டுபிடிக்கதுக்கு இவனுவளுக்கு இவ்வளவு வருசமா மக்கா?"

பதினான்கு வருஷ சர்வீஸில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கறுப்பன் ஏழு பிறவி எடுத்து மூச்சு வாங்க வந்து சேர்ந்த இடத்தில், டீச்சர் முதல் இடியிலிருந்தே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.