கிழிக்கச் சொல்லி ஒட்டிய பக்கம்

எனக்குப் பொறுமை கிடையாது. கையால் புத்தகம் செய்கிறவளுக்கு அதுதான் முதலில் வேண்டும். பசை காய்வதற்குள் நாலு தடவை தூக்கிப் பார்ப்பேன். அரியலூரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் பதிப்பகம். நானும் என் கல்லூரித் தோழியும்தான் மொத்த ஆட்கள். சிமெண்ட் மூட்டைத் தாளில் அட்டை போடுவோம். பாயைப்போல விரிகிற புத்தகம், நடுவிலிருந்து தொடங்குகிற புத்தகம் என்று எதையாவது செய்து, வாங்குகிறவர்களைப் பாடாய்ப் படுத்துவோம்.

தோழிக்கு ஊர் லெப்பைக்குடிக்காடு. அவளுடைய கவிதைகளைப் போட்டபோது, கடைசித் தாளை மடித்து விளிம்பை ஒட்டிவிட்டோம். கிழித்தால்தான் உள்ளே படிக்கலாம். யோசனை அவளுடையது. உள்ளே இருந்தது ஒரே வரி: போதும் அத்தா, இனிமே போகாதீங்க. அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குத் துபாயில் கடை வேலை. சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறாமல் லீவில் வந்திருந்தார். நேரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் திரும்பிப் போகிற அன்றுதான் முதல் பிரதி முடிந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரம்பலூரில் பஸ் மாறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வாசலில் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் நின்றது.

அத்தா கையைத் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தை வாங்கினார். நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒட்டிய தாளில் விரல் நின்றது.

"கிழிச்சாத்தான் படிக்க முடியும் அத்தா," என்றாள் அவள்.

"நீ செஞ்ச புஸ்தகத்தப் போயி கிழிப்பனா?"

துணிகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியைப் பூட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைப் பிடுங்கி நானே கிழித்திருப்பேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கார் போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கிழித்தாரா, கிழித்தாரா என்று அவளை அரித்தெடுத்தேன். வாய்விட்டுக் கேட்பதாக இருந்தால் எதற்கடி ஒட்டினோம் என்று எரிந்து விழுந்தாள். அதுவும் நியாயம்தான்.

ஒருநாள் நாங்கள் அறையில் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வீடியோ காலில் வந்தார். தலைமாட்டிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பாலிதீன் கவர் போட்டு, ஒரு கசங்கல் இல்லாமல் வைத்திருந்தார். அவள் சிரித்து வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"கிழிங்க அத்தா. உள்ள உங்களுக்குத்தான் எழுதியிருக்கா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார்.

"நீ என்ன எழுதியிருப்பன்னு தெரியும்மா. உன் தம்பி படிப்பு முடியட்டும், கிழிக்கிறேன்."