பதினோரு நாள் பூஜ்யம்

ஒரு சனிக்கிழமை காலை, தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் சாப்பாட்டுப் பை. மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கும் முன்னே, “நான் வேலையே செய்யலன்னு எழுதனது இங்க யாருங்க?” என்று கேட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

எழுதியது நான்தான். அதாவது, நான் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள். ஓசூரைச் சுற்றியுள்ள உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை மாட்டுவோம். ஒரு பாகம் முடிந்ததும் தொழிலாளி டேப்லெட்டைத் தொட்டால் அவர் பெயரில் ஒன்று கூடும். யார் எத்தனை செய்தார்கள் என்பது மேலாளரின் திரையில் தெரியும். தினமும் அத்திப்பள்ளி டோல்கேட்டில் நின்று நின்று சலித்துப்போய், பெங்களூரு வேலையை உதறிவிட்டு நானும் என் கல்லூரித் தோழியும் தொடங்கிய தொழில் இது. முதலில் ஐந்து பேர் இருந்தோம். இரண்டு வருடத்தில் அறுபது பேர் ஆகிவிட்டோம்.

ஐந்து பேராக இருந்தபோது ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு முழு ஷிப்டு நின்று பார்க்க வேண்டும். ஆட்கள் கூடியதும் அதை நிறுத்தியது நானேதான். ஒரு நாள் வீணாகிறதே என்றேன். வளர்ச்சி அப்போது என் தலைக்கு ஏறியிருந்தது.

அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் கேட்டேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணி ஷிப்டுக்கு வருபவர். ஒப்பந்த வேலை. எங்கள் திரையில் அவர் பெயருக்கு நேராகப் பதினோரு நாள் பூஜ்யம் இருந்ததாம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“ரெண்டு மெஷினு ஓட்டறன் மேடம். சந்தேகம்னா வந்து நின்னு பாருங்க.”

அவர் போனதும் தோழி கதவைச் சாத்தினாள். அந்தத் தொழிற்சாலைதான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். அவர்களுடைய இன்னும் இரண்டு ஆலைகளுக்குச் செவ்வாய்க்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். “செவ்வாய்க்கிழமை தாண்டட்டுமே. நம்ம ரிப்போர்ட் தப்புன்னு நாமளே போய்ச் சொல்லணுமா?” என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதையேதான் ஒரு நிமிடம் முன்பு நானும் நினைத்திருந்தேன். அதனால் கோபம் இரட்டிப்பானது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தத் தொழிற்சாலையில் நின்றேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, விஷயம் விளங்கிவிட்டது. எல்லோர் கையிலும் எண்ணெய் ஊறிய ரப்பர் கையுறை. அந்தக் கையால் தொட்டால் எங்கள் டேப்லெட் மரக்கட்டை போல் கிடந்தது. அதனால் அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். முடிந்த பாகங்களைத் தட்டோடு கொண்டுபோய்ப் பரிசோதனை மேசையில் வைத்துவிட்டு, “அக்கா, போட்டுடு” என்பார்கள். அங்கே சுத்தமான கையோடு உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தன் டேப்லெட்டில் அழுத்துவார். எல்லாம் அவர் பெயரில் ஏறியது. சுவரில் அவர் புகைப்படம் மாட்டியிருந்தது, மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று.

“நான் மெஷினையே தொடறதில்லங்க. போட்டோவப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்குது” என்றார் அவர். மற்றவர்கள் இடையிடையே கையுறையைக் கழற்றி நாலு தடவையாவது தங்கள் டேப்லெட்டைத் தொட்டிருக்கிறார்கள். “அந்தம்மா ஓட்டனது ரெண்டு மெஷினு. அதுக்குக் கையுறையக் கழட்ட நேரமேதுங்க?” என்றார் அந்த அக்கா.

அதிகம் உழைத்தவருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அறுபது பேரில் ஒருவர் ஒரே ஒரு காலை இங்கே வந்து நின்றிருந்தால் போதும், இது நடந்திருக்காது.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

“அப்போ உங்க ரிப்போர்ட் தப்புன்றீங்களா மேடம்?”

“தப்புதான் சார். தப்பு எங்களோடது. அவங்களத் திரும்ப எடுத்துக்கணும்.”

அது ஒப்பந்தக்காரர் விஷயம் என்றார். ஒப்பந்தக்காரர் மேலாளரைக் கை காட்டினார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் மடிக்கணினியோடு மேலாளர் அறை வாசலில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து நடக்கவில்லை. தோழி என்னோடு பேசவில்லை. ஆனால் புதிதாக எங்கும் டேப்லெட் மாட்டக் கூடாது, மாட்டிய இடங்களையெல்லாம் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் இறங்கி வந்தார். “வரச் சொல்லுங்க, சாமி. நீங்க முதல்ல இந்த வாசல விடுங்க.”

தலைகால் புரியாத சந்தோஷத்தில் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், ஒளிப்பானேன்?

“இல்லீங்க மேடம். கெலமங்கலம் ரோட்டுல ஒரு சின்ன பட்டறையில சேந்துட்டன். இங்க நோட்டுல எழுதறாங்க. நான் செஞ்சது என் பேர்ல இருக்குது.”

மன்னிப்புக் கேட்டேன். அவருக்குப் பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

“எங்க ஓனரும் உங்க பொட்டியத்தான் வாங்கப் போறாராம்” என்றார் பிறகு. “மாட்டறதுக்கு முன்னால ஒரு நாள் எம்பக்கத்துல வந்து நில்லுங்க.”

“எத்தனை மணிக்கு வரட்டும்?” என்று கேட்டேன்.

“ஆறு மணிக்கு ஷிப்டு. அஞ்சே முக்காலுக்கே வந்துடுங்க.”