நீலம் பாரித்த மாப்பிள்ளை

தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் மாப்பிள்ளை நீலம் பாரித்துப் போனார். தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூரில், மே மாத வெயிலில் நடந்த என் கல்யாணம் அது. பாஸ்டர் ஜெபத்தை முடித்து நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. நகங்களும் அப்படியே. "தல சுத்துது" என்றார். அடுத்த நொடி என் தோளில் சரிந்தார்.

மாலையைக்கூடக் கழற்றாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அம்பாசிடரில் பறந்தோம். முன்சீட்டில் என் தாய்மாமா. பள்ளிகொண்டா தாண்டியும் அவர் வாய் மூடவில்லை. "ஹார்ட்டு பேஷண்ட்ட நம்ம தலைல கட்டப் பாத்துருக்காங்க. நல்லவேள, தாலி ஏறல." பின்சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா மகனின் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எனக்கு மாமாவை அங்கேயே இறக்கிவிடலாம்போல் எரிச்சல்.

ஆக்சிஜன் வைத்தும் நீலம் குறையவில்லை. அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் டாக்டர் ரத்தம் எடுத்து, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டார். பழுப்பாக இருந்தது. காற்றுப் பட்டும் சிவக்கவில்லை. பிளஸ் டூவுக்கு வருஷா வருஷம் ஹீமோகுளோபின் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. டாக்டர் ஏதோ வாடைக்கு மூக்கைச் சுளித்துக் குனிந்து மாப்பிள்ளையின் ஷூவைக் கழற்றினார். சாக்ஸும் பாதமும் கன்னங்கரேலென்று இருந்தன.

அவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கறுப்பு கோட்டுக்குப் பழுப்பு ஷூ எடுக்காது என்று, அவருடைய தோஸ்த் ஒருவர் எங்கிருந்தோ சாயம் கொண்டுவந்து அன்று விடியற்காலையில்தான் பூசிக் கொடுத்திருக்கிறார். ஈரம் காயுமுன்னே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன்.

"சாயத்துல இருக்கிற சரக்கு தோல் வழியா ரத்தத்துல ஏறிடுச்சு" என்றார் டாக்டர். "ரத்தத்துல இருக்கிற இரும்பு கெட்டுப்போச்சு. அதால ஆக்சிஜனத் தூக்க முடியல. தினமும் கொஞ்சம் கெடும், செல்லே சரி பண்ணிக்கும். இன்னிக்கு கெடுறது ஜாஸ்தி, சரி பண்றது கம்மி." சரி பண்ணும் வேலையைத் துரிதப்படுத்த ஒரு நீல மருந்து உண்டாம். ஆனால் செல் தானே தயாரிக்கிற ஒரு பொருள் துணைக்கு இருந்தால்தான் அது வேலை செய்யும். பிறவியிலேயே அந்தப் பொருளைப் போதிய அளவு தயாரிக்க முடியாதவர்களும் இருக்கிறார்களாம். அவர்களுக்குப் போட்டால் ரத்த அணுவே உடைந்துவிடும்.

"டெஸ்ட் பண்ணிப் பாக்க நேரமில்ல. அம்மா வழி ஆம்பளைங்க யாருக்காவது, மாத்திர சாப்ட்டு மூத்திரம் கறுப்பா போயிருக்கா? காமாலை வந்திருக்கா?"

அவர் அம்மா என் மாமாவைப் பார்த்தார். "எங்க வூட்ல யாருக்கும் ஒரு நோயும் கெடையாது."

பெண் பார்க்க வந்த அன்று சொன்ன அதே வார்த்தைகள். சம்பந்தம் பேசும்போது எல்லோரும் சொல்வதுதான். எங்கள் வீட்டிலும் சித்தியின் வலிப்பைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்ன வேகம் எனக்கு உறுத்தியது. நர்ஸ் ஊசியில் நீல மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனேன். "அத்த, மாமா காதுல விழாது. யாருக்கு வந்துச்சு?"

"யாருக்கும் இல்லம்மா."

"நான் எங்கயும் போகமாட்டேன். அவரு போய்டுவாரு. அது பரவால்லயா?"

அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "என் தம்பிக்கு. மலேரியா மாத்திர சாப்ட்டு... மூணாம் நாளு செத்துட்டான்."

நான் கத்திய கத்தலில் நர்ஸின் கை நின்றது.

அதன் பிறகு வேகமான வழி எதுவும் இல்லை. சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மிச்சத்தை அவர் உடம்பே மெல்ல மெல்ல சரி செய்துகொள்ள வேண்டும். அந்த மெல்ல மெல்ல என்பதுதான் என்னைக் கொன்றது. நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று சிவந்த மாதிரி இருக்கும், விளக்கடியில் தூக்கிப் பார்த்தால் இருக்காது. மாமா இரண்டு முறை வந்து "கிளம்பும்மா" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார். "உன் மாமன் விஷயத்த சொல்லிட்டேன்டா" என்றார் அம்மா. மாப்பிள்ளை சட்டென்று என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அவருக்கும் எல்லாம் தெரியும்.

சாகக் கிடந்தவரிடம் கோபப்படக் கூடாதுதான். எனக்கு உடம்பெல்லாம் கோபம். "ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ வேணாம்னுடுவியோன்னு பயம்."

"அடுத்த ஞாயித்துக்கெழம கல்யாணம்" என்றேன். "அதுக்குள்ள மறைச்சதெல்லாம் சொல்லி முடிச்சிடுங்க. நானும் சொல்ல வேண்டியது இருக்குது."

காலையிலிருந்து கண் கலங்காமல் இருந்த அவர் அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.