கையில் கொடுப்பவர்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவை அறை. வார்டுகளில் உருவிய விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். மற்றவர்கள் மூட்டையை அப்படியே மெஷினுக்குள் தள்ளுவார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு விரிப்பையும் விரித்துப் பிடித்து மூன்று தடவை உதறுவார். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். அதனால் அவர் பெயரே 'உதறி' என்று ஆகிவிட்டது. பல் செட், மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி என்று என்னென்னவோ விழுந்திருக்கின்றன. ஒரு தடவை, யாரோ டாக்டருக்குத் தெரியாமல் ஒளித்துத் தின்ற பிஸ்கட் பாக்கெட்.

எது கிடைத்தாலும் ஆபீசில் கொடுக்கமாட்டார். முன்பு கொடுத்த கைக்கடிகாரம் ஒன்று அடுத்த வாரமே மேலாளரின் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து, உரியவரைத் தேடிப் பிடித்து அவர் கையிலேயே கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாம் வார்டு மூட்டையை உதறும்போது ஒரு தங்க மோதிரம் விழுந்து உருண்டது. நோயில் விரல் மெலிந்து கழன்றிருக்க வேண்டும். எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அந்த நேரம் பார்த்து அடுத்த மூட்டையோடு இறங்கி வந்தாள் மூன்றாம் வார்டு ஆயா. எந்தக் கட்டிலில் யார் படுத்திருந்தார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"என்னண்ணே, இன்னைக்கு அறுவடை எப்படி?"

"ஒண்ணுமில்ல."

"நீங்களும் உதறிக்கிட்டே இருக்கீங்க, ஒரு புதையல் விழமாட்டேங்குதே! விழுந்தா பாதி எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டே படியேறிப் போனாள்.

மாலையில் அவர் வார்டுக்குப் போனார். இன்னதென்று சொல்லாமல், "யாராச்சும் எதையாச்சும் தொலைச்சீங்களா?" என்று கட்டில் கட்டிலாக விசாரித்தார்.

"தூக்கத்தத் தொலைச்சேன். கெடைச்சுதா?" என்றார் ஒரு நோயாளி.

மோதிரத்துக்குரிய அம்மாள் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அது உதறிக்குத் தெரியாது. மறுநாள் அவருக்கு விடுமுறை.

புதன்கிழமை வந்தபோது எல்லார் வாயிலும் அதே பேச்சு. செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளின் மகள் வந்து கத்தியிருக்கிறாள். வார்டு நடுவே ஆயாவின் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆயாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அவர் பதறிப்போய் ஆபீசுக்கு ஓடினார். மகளை வரவழைத்து மோதிரத்தை அவள் கையில் கொடுத்தார்.

"உங்கள மாதிரி நல்லவங்களும் இருக்கத்தான் செய்றாங்க" என்று அவள் கண்கலங்கினாள். இப்படி ஒரு முகத்துக்காகத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் காத்திருப்பார். அன்று அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சார், அந்த ஆயாவ மறுபடி எடுத்துக்கணும்" என்றார் மேலாளரிடம்.

"அவ இடத்துக்கு ஆள் போட்டாச்சு. மூணு நாள் பையில வச்சிருந்த உன்ன விட்டதே பெரிசு. ரெண்டு பேரும் கூட்டு இல்லேன்னு என்ன நிச்சயம்?"

வேலை முடிந்ததும் ஆயாவின் வீட்டைத் தேடிப் போனார். அவள் கதவைத் திறந்தாள்; உள்ளே வரச் சொல்லவில்லை.

"மோதிரம் கெடைச்சிருச்சும்மா. மூட்டையிலதான் இருந்துச்சு."

"எப்ப கெடைச்சுது?"

"திங்கக்கெழம."

"நான் கீழ வந்து கேட்டப்போ?"

"பையில இருந்துச்சு."

அவள் அவரையே பார்த்தாள். "பாதி எனக்குன்னு சொன்னேனே, அத நெசம்னு எடுத்துக்கிட்டீங்களா? நான் அடிச்சிருவேன்னு நெனச்சீங்களா?"

இல்லை. ஒரு கணம்கூட அவர் அப்படி நினைக்கவில்லை. சொல்லியிருந்தால் அவளே ஓடிப் போய் உரியவரைத் தேடிப் பிடித்து மோதிரத்தைக் கொடுத்திருப்பாள். அந்த நன்றி அவளுக்குப் போயிருக்கும். அவருடைய பயம் அவ்வளவுதான். இத்தனை வருடம் நேர்மை என்று நம்பி வந்ததில் நேர்மை எவ்வளவு, பசி எவ்வளவு என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும். அவர் திறக்கவில்லை.

அந்த மௌனத்தையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"பையக் கொட்டினவங்களுக்கு என்னப் பத்தித் தெரியாதுண்ணே" என்றாள். "உங்களுக்குத் தெரியும்."