அண்ணன் இறங்கிய மோட்டார் குழி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய பெருமைகளை மட்டும் எழுதித் தரும்படி வீட்டில் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அவருக்கு மாரடைப்பு என்று சிலரும், காத்து கருப்பு அடித்துவிட்டது என்று சிலரும் இன்னமும் பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் ஒரு தங்கையாக நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை என்று நினைக்கிறேன்.

அண்ணன் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் உள்ள எங்கள் சிற்றூரிலேயே பிறந்து வளர்ந்தார். அப்பா காலமானபோது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். அத்துடன் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு நிலத்தில் இறங்கினார். என்னைப் படிக்கவைத்து அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். முன்கோபி. கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், கொஞ்ச நேரத்தில் அவரே வந்து அதே தட்டின் முன் உட்காருவார். எனக்கு அரிசி மூட்டை கொண்டுவரும் நாளில் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிம்மதியாக இருக்க மாட்டார். மோட்டார் ஓட்ட மும்முனை கரண்ட் வந்துவிடும் என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்.

எங்கள் கொல்லை நிலத்தில் இருப்பது போர் எனப்படும் குழாய்க் கிணறு. போரைச் சுற்றிக் குழி வெட்டி, சிமெண்ட் உறை இறக்கி, மோட்டாரைக் குழிக்குள் வைத்து இறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர் மட்டம் இறங்கினால் குழியை இன்னும் ஆழமாக்கி மோட்டாரையும் கீழே இறக்குவார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மேலண்டைக் கொல்லை மாமா ஒரு கோடையில் பெரிய மோட்டார் போட்டார். அண்ணன் சும்மா இருப்பாரா? தம்முடைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதைப் போல் இரண்டு மடங்கு சக்தியுள்ளதை மாட்டினார். ஆரம்பத்தில் குழாய் நிறையக் கொட்டியது. பிறகு மணலும் காற்றுமாக வந்தது.

அண்ணி கேட்டுக்கொண்டதால் நிலத்தடி நீர் அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். வால்வைப் பாதி மூடி ஓட்டிக் காட்டினார். காற்று நின்று, தண்ணீர் சீராக வந்தது. மண்ணுக்கு அடியில் இருக்கிற மணற்பாறையின் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் போருக்குத் தண்ணீர் கசிந்து வருகிறது என்றார். மெதுவாக இழுத்தால் மட்டம் கொஞ்சமாக இறங்குமாம். இழுப்பதை இரட்டிப்பாக்கினால் இறக்கம் இரட்டிப்போடு நிற்காதாம். போரை நெருங்கும் இடத்தில் தண்ணீர் வேகம் எடுத்துச் சுழன்று முட்டிக்கொள்வதால் மட்டம் மூன்று மடங்கு, நான்கு மடங்குகூட விழுமாம். கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவைத் திறந்ததும் எல்லோரும் முண்டியடித்தால் யாருமே உள்ளே போக முடியாதே, அந்த மாதிரி என்று சொன்னார்.

அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டு, “வால்வ நான் மூடிடுறேன் சார். மொதல்ல அந்தாள மூடச் சொல்லுங்க. நான் மெதுவா எறைச்சா, மிச்சத்த அவரு இல்ல எறைச்சிக்குவாரு?” என்றார்.

அதிகாரி வரப்பைத் தாண்டிப் போய் மாமாவிடமும் சொன்னார். மாமாவும் இதே பதிலைச் சொன்னாராம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. இருவருக்கும் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்துகொண்டுதான் போட்டி போட்டு இறைத்தார்கள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு குழிகளும் ஆழமாகிக்கொண்டே போயின.

சென்ற ஆண்டு நெல் பால் பிடிக்கும் நேரத்தில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய் ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. பயிரை விட மனமில்லாத அண்ணன் டீசல் எஞ்சினை வாடகைக்கு எடுத்தார். மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து அது தண்ணீரை இழுக்காது. கயிறு கட்டிக் குழிக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டார். சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றுபோயிற்று. என்னவென்று பார்க்க அண்ணன் உறையின் விளிம்பில் காலை வைத்தார். அண்ணி தடுத்தார்.

“பொகை போவட்டும், அப்புறம் எறங்கலாம்.”

“நீ இரு, தோ ஏறிடுறேன்.”

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. குழியில் தங்கியிருந்த புகை அவரை மூச்சுவிட விடவில்லை. எங்கள் குடும்பத்தையே தாங்கி நின்ற மனிதர், தம் கொல்லையிலேயே, மனைவியின் கண் முன்னால் போய்ச் சேர்ந்தார்.

அன்று கயிறு பிடித்த இளைஞர்களுக்கும், மருத்துவமனைக்கு உடன் வந்தவர்களுக்கும், கருமாதி வரை அண்ணியைத் தனியே விடாத தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரைப் பெறும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: குழிக்குள் எஞ்சினை இறக்காதீர்கள். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் அவருக்குப் பின்னால் நீங்களும் இறங்காதீர்கள்.

இன்னும் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் குழியில் இறங்கியவர் மேலண்டைக் கொல்லை மாமா. அண்ணனுக்குக் கயிற்றைக் கட்டிவிட்டு அவரும் அங்கேயே மயங்கிவிட்டார். இருவரையும் தூக்கினார்கள், மாமா பிழைத்தார். காரியத்தன்று அவர் வீட்டுக்குள் வரவில்லை, தெருவிலேயே நின்றுவிட்டுப் போனார். வருஷத் திதிக்கு அழைப்பதற்காக நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

“உங்க அண்ணன் மோட்டாரு நின்னதுலேருந்து என் போர்ல தண்ணி மேல ஏறி நிக்குதும்மா” என்றார். “அத என்னால பாக்க முடியல.”